ஆர்டினி எப்போது திருந்தினான்?

பழைய வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்து. போர்டு எழுதுகிறவரின் கடை. பிளெக்ஸ் வந்தபின் வேலை குறைந்தது, பேச்சு கூடியது. பழைய பேப்பர் கடையில் கிடைத்த லயன் காமிக்ஸ் ஒன்றை, அட்டை போனதை, சீடன் விரித்து வைத்திருக்கிறான்.

சீடன்: ஸ்பைடர் கதை வாத்யாரே. மூணு பேர் கூட்டணி. ஸ்பைடர் தலைவன், பெல்ஹாம் விஞ்ஞானி, ஆர்டினி பெட்டகம் உடைக்கிறவன். படம் மிரட்டுது, கதை சுமார்.

குரு: மிரட்டுதுன்னு ரசிகன் சொல்லலாம். நீ பிரஷ் புடிக்கிறவன். ஏன் மிரட்டுது?

சீடன்: கறுப்பு. கோடு கோடா இழுத்து இருட்டை ஏத்தியிருக்காரு. மிச்சம் விட்ட வெள்ளையில கண்ணும் புருவமும் மட்டும் நிக்குது.

குரு: ரெஜ் பன்னோட கை அது. ஸ்பைடர் கதை 1965-ல இங்கிலாந்துல 'லயன்'னு ஒரு வாரப் பத்திரிகையில ஆரம்பிச்சது. நம்ம சிவகாசி லயன் 1984-ல வந்துச்சு. பேரு ஒண்ணு, பத்திரிகை வேற. அந்த வாரப் பத்திரிகைங்கள்ல வரைஞ்சவர் பேரைப் போட மாட்டாங்க. நான் எழுதின போர்டு மாதிரிதான்.

சீடன்: எழுதினவர் சூப்பர்மேனை உண்டாக்கின ஜெர்ரி சீகலாமே? அவரும் ஜோ ஷஸ்டரும் 1938-ல 130 டாலருக்கு உரிமையை வித்துட்டாங்க. பறிகொடுத்த மனுஷன் திருடனை நாயகனாக்கினார். எவ்வளவு பொருத்தம்!

குரு: ரொம்பப் பொருந்துனா சந்தேகப்படு. ஆரம்பத்துல எழுதினவர் டெட் கோவன். சீகல் உள்ள வரும்போதே திருடன் அங்க உக்காந்திருந்தான்.

சீடன்: சரி, கதையில எனக்கு இடிக்கிறதைச் சொல்றேன். திருடங்களுக்கு ராஜாவாகணும்னுதான் ஸ்பைடர் இவங்க ரெண்டு பேரையும் சேர்த்தான். பின்னால அவனே திருடங்களைப் புடிக்கிறவனா ஆயிட்டான். அவன் மனசு மாறுச்சு, ஒத்துக்கறேன். பெல்ஹாமும் ஆர்டினியும் எப்போ மாறினாங்க? யாரும் கேக்கலையே!

குரு: என் நைனா ஹார்பர்ல மூட்டை தூக்கினாரு. மேஸ்திரி 'இந்தக் கப்பல் இல்ல, அந்தக் கப்பல்'னா கேங்கே நகரும். ஒவ்வொருத்தன் மனசையும் கேட்டுக்கிட்டா இருப்பாங்க?

சீடன்: மூட்டையை மேஸ்திரி சொல்லித் தூக்கலாம். நல்லவனா இருக்கறதையுமா? ஆர்டினி நேத்து ஸ்பைடருக்குப் பயந்துகிட்டு பூட்டை உடைச்சான். இன்னிக்கு அதே பயத்துல திருடனைப் புடிக்கிறான். உள்ள என்ன மாறுச்சு?

குரு: பணத்தைப் பறிகொடுக்க இருந்தவன் தப்பிச்சானே. ஆர்டினியோட மனசு உனக்கு வேணுமான்னு அவனைக் கேட்டுப் பாரு.

சீடன்: (கொஞ்ச நேரம் கழித்து) அவனுக்கு வேணாம். ஆர்டினிக்கு வேணும் வாத்யாரே. நாளைக்கு ஸ்பைடர் திரும்பவும் மாறினா, இவன் எங்க நிப்பான்?

குரு: ம். திருந்தறதுக்கு முன்னால வந்த கதையும் பார்த்திருக்கே, அப்புறம் வந்ததும் பார்த்திருக்கே. ஸ்பைடர் முகம் எப்படி?

சீடன்: அதே கூர்க்காது. அதே ஏறின புருவம். ஒரு கோடு மாறல.

குரு: கதை திருந்திடுச்சு, படம் திருந்தல. பன் வேணும்னே விட்டாரோ, வாராவாரம் கொடுக்கற அவசரமோ. எதுவா இருந்தாலும், அவன் நல்லது செய்யறப்பவும் அந்த முகத்தைப் பார்த்தா எனக்கு முழு நம்பிக்கை வரல. கதையில அந்தச் சந்தேகத்தைக் காணோம். அதான் உனக்குக் கதை சுமாராத் தெரியுது.

சீடன்: ஆர்டினி முகமும் மாறலையோ?

குரு: நீதானே படிச்சே, நீ சொல்லு.

சீடன்: (தலையைச் சொறிகிறான்) நான் ஸ்பைடரைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

குரு: அங்க கிடக்கற வெத்து அட்டைத் துண்டை எடு. 'இனிமே திருட்டு கிடையாது'ன்னு ஸ்பைடர் சொல்லி முடிச்சிட்டான். ஆர்டினி இன்னும் வாயைத் திறக்கல. அந்த ஒரு கட்டத்தை வரை.

சீடன்: முகத்துல எவ்வளவு கறுப்பு போடறது வாத்யாரே?

குரு: டீ வந்துடுச்சு பாரு. குடிச்சிட்டு ஆரம்பி.