ஆடு தின்னாத இலை

கெங்கவல்லியிலிருந்து பச்சைமலைப் பக்கம் போனால், மரவள்ளிக் காடும் மக்காச்சோளக் காடும் முடிந்து புதர்க்காடு தொடங்கும் இடத்தில் வேலிகளைப் பார்க்க வேண்டும். கிளுவை மேல் சீந்தில் ஏறியிருக்கும். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு வேலிப்பருத்தி. கொஞ்சம் நிழல் கிடைத்தால் பொன்முசுட்டை. மூன்றுக்கும் இலை ஒரே அச்சு: அடிப்பக்கம் பிளந்து, நுனியில் கூர்ந்த இதய வடிவம். பூவரசுக்கும் அதே வடிவம்தான், அரசுக்கும் அதேதான். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்ற செடிகள்கூட இந்த வடிவத்தில் வந்து நிற்கின்றன. ஆகவே இலையின் வடிவத்தை மட்டும் வைத்துப் பேர் சொல்கிறவரை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

தொட்டுப் பார்த்தால் கதை மாறும். வேலிப்பருத்தி இலையைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியும். சீந்தில் தண்டை நகத்தால் சுரண்டினால் காகிதம்போல் மேல்தோல் உரிந்து, உள்ளே பச்சை தெரியும். பொன்முசுட்டையில் காம்பு இலையின் விளிம்பில் சேராமல் சற்று உள்தள்ளிச் சேர்ந்திருக்கும். அந்த ஒரு நூலிழை தூரம்தான் அடையாளம்.

வேலியை விட்டுக் கண்ணைத் தரைக்கு இறக்கினால், வரப்போரம் படர்ந்து கிடக்கிறது ஆடுதின்னாப்பாளை. சாம்பல் பூத்த பச்சை, நெளிநெளியான விளிம்பு, கசக்கினால் முகத்தைச் சுளிக்க வைக்கும் நாற்றம். ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்டால், “மோந்து பார்த்துட்டுத் தாண்டிப் போயிரும்” என்பார்கள். பூவைப் பார்க்கக் குனிந்தால் போதாது, குந்தியே ஆக வேண்டும். அடியில் குண்டாகப் புடைத்து, மேலே குறுகிய குழலாகி, வாயில் கருஞ்சிவப்பாக ஒரு நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பூவின் சூழ்ச்சி விசித்திரமானது. வாடையை நம்பி உள்ளே இறங்குகிற சிற்றீ திரும்ப முடியாது. குழலின் மயிர்கள் உள்நோக்கிச் சாய்ந்து வழிமறிக்கும். மகரந்தம் வெடித்துச் சிற்றீயின் மேல் ஒட்டிய பிறகுதான் மயிர்கள் வாடி வழி திறக்கும். ஏமாந்த ஈ மகரந்தத்தோடு வெளியே வந்து, அடுத்த பூவில் போய் மறுபடி ஏமாறும்.

ஆடுதின்னாப்பாளைக் குடும்பத்தின் இன்னொரு கிளை அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில், காட்டு மரநிழலில் வாழ்கிறது. அங்கே அதற்கு ‘ஹார்ட்லீஃப்’, அதாவது இதய இலை என்றே பேர். அதில் ஓர் அரிய இனத்தை 1989இல் அரசு பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தாயிற்று, அடையாளம் காண்பது எப்படி? பக்கத்தில் நிற்கும் சொந்தக்கார இனங்களுக்கும் அதே இலை. இளவேனிலில், சருகை விலக்கி, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் குடுவைப் பூவைக் கண்டு, அதன் குழாய் எவ்வளவு குறுகியது என்று அளந்தால்தான் துணிந்து சொல்ல முடியும். மற்ற மாதங்களில் இலை இருக்கும், உறுதி இருக்காது. நம் பக்கத்து மலைகளின் தாவரங்களைச் சேகரித்துப் பதிவு செய்த பாதிரியார் கே. எம். மேத்யூவும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகமும் கற்றுத் தந்த பழக்கமும் இதுதான்: பூவோ காயோ இல்லாத கிளையை ஒட்டி வைத்தால் அந்தத் தாளுக்கு மதிப்புக் குறைவு. இலை எப்போதும் நம் முன்னால் நிற்கிறது, அதனாலேயே அதை வைத்து முடிவு கட்டிவிடுகிறோம். செடி தன்னைச் சொல்வது அதன் பருவத்தில், நாம் குனிய வேண்டிய உயரத்தில்.

அடையாளம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெல்ஜியம் சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் இளைக்க மருந்து உட்கொண்ட பெண்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. சேர்க்க வேண்டிய சீன மூலிகை பொன்முசுட்டையின் குடும்பத்தது. அந்த இடத்தில் சேர்ந்துவிட்டது ஆடுதின்னாப்பாளையின் இனம். பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் வைத்தியத்தில் பூச்சிக்கும் புண்ணுக்கும் இந்தப் பாளையைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது உண்மை. அதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைத் தின்னும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. இந்த இடத்தில் நான் ஆட்டின் கட்சி.

அந்த நஞ்சையே சோறாகத் தின்று வளர்கிறது ஒரு புழு. பிறகு கறுத்த சிறகில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் பொட்டும், செக்கச் சிவந்த உடம்புமாக, ‘கிரிம்சன் ரோஸ்’ என்ற பட்டாம்பூச்சியாகி, அவசரமே இல்லாமல் மிதக்கிறது. பறவை அதைத் தொடாது. இதைக் கண்டுகொண்டதுபோல, கறிவேப்பிலையும் நாரத்தையும் தின்று வளரும் ‘காமன் மார்மன்’ இனத்தில் சில பெண் பூச்சிகள் அதே சிறகுக் கோலத்தை உடுத்தித் திரிகின்றன. அவற்றிடம் நஞ்சு கிடையாது. பறவை சிறகைப் பார்த்து ஏமாறுகிறது, ஈ வாடையில் ஏமாறுகிறது, மனிதர் இலையில் ஏமாறுகிறார். ஏமாறாதது முட்டையிட வரும் கிரிம்சன் ரோஸ் தாய்ப்பூச்சி. பாளையின் உறவான பெருமருந்துக்கொடியின் இலை நீண்டு, இடை சிறுத்து, பாளையின் இலைக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். தாய்ப்பூச்சியோ இரண்டிலும் முட்டை வைக்கும். இலையில் அமர்ந்து முன்னங்கால்களால் தட்டிப் பார்க்கிறது. ருசி அறியும் உணர்வு அந்தக் கால்களில் இருக்கிறது. அது கேட்பது தன் பிள்ளை இதைத் தின்று பிழைக்குமா என்ற ஒன்றைத்தான். தவறினால் இழப்பு யாருக்கு என்று தெரிந்தவர்களின் அறிதல் இப்படித்தான் இருக்கிறது, மேய்ப்பவருக்கும் சரி, பூச்சிக்கும் சரி. நாம் பெரும்பாலும் பேருக்காக மட்டும் கேட்கிறோம். பேர் கிடைத்ததும் போய்விடுகிறோம்.

கொரோனா காலத்தில் சீந்திலுக்கு வந்த கிராக்கியை நினைத்துப் பாருங்கள். கல்லீரல் பாதிப்புப் புகார்கள் எழுந்தபோது, ஆயுஷ் அமைச்சகம், சீந்திலையும் அதன் நெருங்கிய உறவான இன்னொரு கொடியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று விளக்கம் தந்தது. அந்த மற்றக் கொடியின் தண்டில் முண்டு முண்டாகப் புடைப்புகள் இருக்கும். கொடியாக இருந்தால் யாரும் தடவிப் பார்த்தே பிரித்துவிடலாம். கடையில் கிடைப்பதோ பொடி. அதில் தோலும் இல்லை, முண்டும் இல்லை, பூவும் இல்லை, மிஞ்சியிருப்பது டப்பாவில் ஒட்டிய பேர்தான். வாங்குவதாக இருந்தால் நான் தண்டாகவே வாங்குவேன், அதுவும் வேலியைக் காட்டக்கூடியவரிடம்.