கூண்டு ஏறிய நாளில்



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் கடற்கரையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கும். கடலுக்குப் போக வேண்டாம் என்று முந்தின இரவே கோயில் ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கரையில் வந்து பார்த்தால் வானத்தில் நட்சத்திரம் தெரியும். காற்றும் பெரிதாக இராது. சம்மாட்டி ஒரு நிமிஷம் யோசிப்பார். பிறகு, "இவங்க இப்படித்தான் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. மாதா பார்த்துக்கிடுவா. படகைத் தள்ளுங்க" என்பார். படகு போய்விடும். அநேகமாய்ச் சாயங்காலம் திரும்பியும் வந்துவிடும். இந்தக் கேள்வியைக் கடினமாக்குவது அதுவே.

மாதா பார்த்துக்கொள்வாள் என்ற அந்த வார்த்தை விசுவாசத்திலிருந்து பிறந்ததா? இதை நிதானமாக யோசித்துப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். கடலுக்குப் போகாதவர்களும் யோசிக்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

முதலாவது, கூண்டு என்ன சொல்லுகிறது என்று தெரிந்துகொள்ளுவோம். 1864-ம் ஆண்டு கல்கத்தாவைப் பெரும் புயல் ஒன்று பாழாக்கியது. அதற்கு மறு வருஷமே அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. இன்று நம் துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. 1-ம் எண் கூண்டு ஏறினால் ஊரில் பலர் சிரிக்கிறார்கள்: "வெயில் அடிக்கிறது, கூண்டு ஏற்றியிருக்கிறான்" என்று. ஆனால் 1-ம் எண்ணின் பொருள் இங்கே புயல் என்பதல்ல. தூரக் கடலில் காற்று கெட்டிருக்கிறது, அங்கே புயல் உருவாகக்கூடும் என்பதே. 2-ம் எண், தூரத்தில் புயல் உருவாகிவிட்டது என்பதைச் சொல்லுகிறது. 3-ம் எண் ஏறும்போதுதான் துறைமுகத்துக்கே பலத்த காற்றின் பயமுறுத்தல் உண்டு. ஆகவே முதலிரண்டு கூண்டுகளும் கரையில் நிற்பவனுக்கு ஏற்றப்பட்டவை அல்ல. துறைமுகத்தை விட்டு வெளியே போகிறவனுக்கு ஏற்றப்பட்டவை. கரையின் வெயிலைக் காட்டி அவற்றைப் பொய் என்பது, பக்கத்து ஊருக்கு வந்த கடிதத்தைப் பிரித்து, என் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லையே என்பதைப் போன்றது.

நம் மன்னார் வளைகுடாவில் ஏமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகளும் வரிசையாகக் கிடக்கின்றன. வெளிக் கடலின் அலை அங்கேயே உடைந்துபோவதால் தீவுக்கு உள்ளே தண்ணீர் குளம் போல் இருக்கும். அதைப் பார்த்துப் புறப்பட்டவன் தீவைத் தாண்டின பிறகே உண்மையான கடலைச் சந்திக்கிறான். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று பலத்து வீசும்போது இது நம்மவர் எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். இராமேசுவரத்துக்கு வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் நிலைமை வேறு. அங்கே ஆழம் குறைவு. ஆழமில்லாத தண்ணீரில் அலை நீளமாய் உருண்டு வராது. குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பி, ஒன்றின் முதுகில் ஒன்று வந்து விழும். காற்று ஒரு திசையிலும் நீரோட்டம் எதிர்த் திசையிலும் இருந்தால் அது இன்னும் மோசம்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது என்பதையும் கவனியுங்கள். 25 கிலோமீட்டர் காற்றில் படகு செலுத்தி வந்தவன், 50 கிலோமீட்டர் காற்று இதைப்போல் இரண்டு பங்குதானே என்று மனதில் கணக்குப் போட்டால் கணக்குத் தவறு. அப்புறம் கள்ளக்கடல் இருக்கிறது. அதற்கு இங்கே காற்றே வேண்டியதில்லை. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை, சில நாள் பிரயாணம் செய்து, தெளிந்த வானத்தின் கீழ் நம் கரையில் ஏறும். நம் பாட்டனார்கள் காற்றையும், நீவாட்டையும், மேகத்தையும் வாசிக்கத் தெரிந்தவர்கள். அந்த அறிவை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது கண்ணுக்கு எட்டின மட்டும் வாசிக்கும் அறிவு. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் நிலையம் அதற்கு அப்பாலும் பார்க்கிறது.

"பத்துத் தடவை சொல்லுகிறார்கள், எட்டுத் தடவை ஒன்றும் வருவதில்லையே!" என்பீர்கள். இதை நாம் அசட்டை செய்யக் கூடாது. எட்டு நாள் பட்டினி கிடந்தவன் சொல்லும் வார்த்தை அது. இருந்தாலும் ஒன்று கேட்கிறோம்: புயல் நூறு கிலோமீட்டர் விலகிப் போயிற்று என்றால், எச்சரித்தவன் பொய்யனா? வரக்கூடும் என்றுதான் அவன் சொன்னான். வராமல் போன எட்டு நாளும் படகு தப்பினதற்கு நம் துணிவு காரணமில்லை. காற்று வேறு பக்கம் போனதே காரணம்.

இப்பொழுது வேதாகமத்துக்கு வருவோம். கடலில் அபாயப்பட்டவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர் அர்ச். சின்னப்பர். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தாம் மூன்று தரம் கப்பற்சேதத்தில் அகப்பட்டதாகவும், ஓர் இரவும் ஒரு பகலும் கடலிலே கிடந்ததாகவும் அவரே சொல்லுகிறார். அதற்குப் பிறகுதான் உரோமைக்குக் கைதியாய்ப் போன அந்தப் பிரயாணம் நடந்தது. அப்போஸ்தலர் நடபடி 27-ம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் எல்லோரும் கேட்கும்படி வாசியுங்கள். கடற்கரைக் குடும்பங்களுக்கென்றே எழுதினது போலிருக்கும்.

கப்பல் கிரேத்துத் தீவில் ஒரு துறையில் நிற்கிறது. பிரயாணத்துக்கேற்ற பருவம் கடந்துபோயிற்று. இனிப் போனால் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமல்ல, நம் உயிருக்கும் சேதம் வரும் என்று சின்னப்பர் எச்சரிக்கிறார். நூற்றுக்கதிபதியோ மாலுமியின் பேச்சையும் கப்பலுக்குரியவன் பேச்சையும் நம்பினான். அந்தத் துறை மழைக்காலம் தங்குவதற்கு வசதியில்லை என்பது ஒரு காரணம். போகலாம் என்றவர்களே அதிகம் பேர் என்பது இன்னொரு காரணம். அந்தச் சமயத்தில் தென்றல் மெல்ல வீசிற்று. நினைத்தது கைகூடிற்றென்று நங்கூரத்தைத் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்துக்குள் வாடைக் கொண்டல் சண்டமாருதமாய் இறங்கிற்று. பதினான்கு இரவு கடலில் அலைந்தார்கள். கப்பற்காரன், கூடிப் பேசினவர்கள், மெல்லிய காற்று: அன்றைக்கு அந்தத் துறையில் இருந்ததெல்லாம் இன்றைக்கு நம் கரையிலும் இருக்கின்றன.

ஆனால் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்தது. நடுக்கடலில் சம்மனசு ஒருவர் சின்னப்பருக்குத் தோன்றி, கூடப் பிரயாணம் செய்கிற எவரும் சாகமாட்டார்கள் என்று உறுதி சொன்னார். இதைவிடப் பெரிய வாக்குறுதி எந்தப் படகுக்குக் கிடைக்கும்? அப்படியிருந்தும், சில மாலுமிகள் நங்கூரம் இறக்கப் போகிற பாவனையில் சிறு படகை இறக்கித் தப்பியோடப் பார்த்தபோது, சின்னப்பர் பேசாமலிருக்கவில்லை. இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று நூற்றுக்கதிபதியிடம் சொன்னார். போர்வீரர் கயிற்றை அறுத்துப் படகைப் போகவிட்டார்கள். சர்வேசுரன் காப்பாற்றுவதாகச் சொல்லிவிட்டார். ஆயினும் கப்பலோட்டத் தெரிந்தவன் கப்பலில் இருந்தாக வேண்டும். ஆழம் பார்த்தார்கள், நாலு நங்கூரம் போட்டார்கள், கோதுமையைக் கடலில் கொட்டிப் பாரத்தைக் குறைத்தார்கள். கப்பல் உடைந்தது, 276 பேரும் மால்த்தாத் தீவில் கரையேறினார்கள். சின்னப்பருடைய நம்பிக்கை மாலுமியின் வேலையைத் தள்ளிவிடவில்லை. அதைக் கட்டாயமாகக் கேட்டு வாங்கிற்று.

பசாசு நம் ஆண்டவரைத் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தி, கீழே குதியும், சம்மனசுகள் தாங்குவார்கள் என்றபோது, அதுவும் வேத வாக்கியத்தைச் சொல்லித்தான் கேட்டது. ஆண்டவர் குதிக்கவில்லை. மாதாவின் பெயரைச் சொல்லி எச்சரிக்கையை மீறுகிறவன் மாதாவை எந்த இடத்தில் நிறுத்துகிறான் என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும். கலிலேயாக் கடலில் புயலடித்தபோது ஆண்டவர் படகில் நித்திரை செய்தாரே என்று சிலர் கேட்கலாம். சீஷர்கள் அவர் சொன்னபடி புறப்பட்டவர்கள். புயல் வருமென்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்களோடு நம்மை ஒப்பிடுவது பொருந்தாது.

"என் உயிர், என் படகு. மற்றவனுக்கு என்ன?" என்பவருக்கு ஒரு வார்த்தை. ஐந்தாம் கற்பனை பிறர் உயிரை மட்டும் காப்பதல்ல, நம் உயிரையும் காப்பது என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அது நிற்க. படகில் நீர் மட்டுமா போகிறீர்? அணியத்தில் உட்கார்ந்திருக்கிற பதினெட்டு வயதுப் பையனைப் பாரும். அவன் தகப்பனார் உம்மிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். வரமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று கரை முழுதும் சிரிக்கும். அவனுக்கென்று உயிர்காப்புச் சட்டை படகில் இருக்கிறதா? இருந்தால் அது தலையணையாகத்தானே கிடக்கிறது? அவனுடைய மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள உமக்கு உரிமை எங்கிருந்து வந்தது? நீர் திரும்பி வராவிட்டால் உம்மைத் தேடி அதே காற்றில் புறப்படப்போகிறவர்களும் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள். நம் ஜனம் காணாமற்போனவனைக் கடலில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் ஜனமல்ல.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயலில் மாண்டவர்களை இதில் யாரும் இழுக்கக் கூடாது. கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கடலிலேயே அது வெகு சீக்கிரத்தில் புயலாய் முற்றியது. ஆழ்கடலுக்கு நாட்கணக்கில் முன்பே போயிருந்தவர்கள் கைப்பேசிக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். அவர்களுக்குச் செய்தி போய்ச் சேர வழியில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அன்று தகப்பனையோ பிள்ளையையோ இழந்தன. கேட்காத எச்சரிக்கையை மீறினான் என்று ஒருவன்மேல் பழி போடுவது அநியாயம். அதற்குப் பிறகே செயற்கைக்கோள் வழியாய் ஆழ்கடலில் செய்தி வாங்கும் கருவிகள் படகுகளுக்கு வரத் தொடங்கின. கேட்க முடியாமல் இறந்தவர்களை நினைத்தால், கேட்டும் தள்ளிவிடுகிறவன் வெட்கப்பட வேண்டாமா?

நம்மால் கரையில் இருக்க முடியாதென்று சொல்லவும் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் கரைப் படகுகள் கடலுக்குப் போவதில்லை. எத்தனை தலைமுறையாய் இந்த வழக்கம்! சனிக்கிழமை மீன் பட்டது, நாளைக்கும் போனால் படும் என்று தெரிந்தும் வலையை உலர்த்திவிட்டுப் பூசைக்கு வருகிறோம். நஷ்டமென்று யாரும் முறையிடுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கின்றன. தலையான புண்ணியங்கள் நான்கில் விவேகத்துக்கே முதலிடம் என்று திருச்சபை போதிக்கிறது. கூண்டு ஏறிய நாளில் படகைக் கட்டிப்போடும் சம்மாட்டி அந்தப் புண்ணியத்தைச் செய்கிறார். அதற்காக அவரை யாரும் புகழ்ந்து நாம் கேட்டதில்லை. பரிகாசம் செய்யத்தான் கேட்டிருக்கிறோம்.

கடலுக்குப் போகாதவர்களும் யோசிக்க வேண்டும் என்றோமே, அதற்கு வருகிறோம். தடைக்காலத்துக்கு அரசாங்கம் நிவாரணம் தருகிறது. கூண்டு ஏறிய ஒரு செவ்வாய்க்கிழமைக்கு யார் தருவார்? அன்றைக்கும் வட்டி ஓடுகிறது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். முன்பணம் கொடுத்த வியாபாரி, "இன்றைக்கு மீன் இல்லையா?" என்று ஆள் அனுப்புகிறார். அந்த ஆளின் கேள்வி கூண்டைவிடப் பலமாய்க் காதில் விழுகிறது. படகைத் தள்ளுகிற கைகளில் அவர் கையும் ஒன்று அல்லவா? மீன் விலை ஏறும் என்று காத்திருக்கிற ஏலக்காரரும், படகு போகவில்லையென்று கணவனைக் குத்திப் பேசுகிற மனைவியும், அந்த வாரத்துக் கோயில் வரியை வீட்டு வாசலில் வந்து கேட்கிற நாமுங்கூட, அவரோடு கொஞ்சம் கைகொடுக்கிறோம்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு சம்மாட்டிமாரும் மீனவர் சங்கத்தாரும் கோயில் மண்டபத்தில் சற்று நேரம் இருந்தால் இதைப் பேசலாம். கூண்டு ஏறிய நாட்களில் முன்பணத்தைப் பற்றிக் கேட்பதில்லை என்று வியாபாரிகள் ஒப்புக்கொள்வார்களா, அந்த வாரம் கோயில் வரியைத் தள்ளி வைக்கலாமா, நாள் கூலிக்குப் போகும் பையன்களுக்குச் சங்கத்திலிருந்து ஏதாவது கொடுக்க முடியுமா என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். உயிர்காப்புச் சட்டை எத்தனை படகில் எத்தனை இருக்கிறதென்ற கணக்கையும் வருகிறவர்கள் எழுதிக்கொண்டு வந்தால் நல்லது.