நனைந்த தானியமும் நாள் கடந்த பாக்கெட்டும்

ஒரு வியாபாரியின் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே போட்டிருந்தால் வாங்குகிறவர்கள் பார்த்திருப்பார்களே என்று கேட்ட நபிகள், ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவர் அல்ல என்றும் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பின் ஹதீஸ் ஒன்று கூறுகிறது. தானியத்தைக் கொட்டிவிடச் சொன்னதாக அதில் இல்லை. தேதி முடிந்த தின்பண்டத்தை விற்பது பாவமா என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

2016 பிப்ரவரியில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ‘வீஃபுட்’ என்றொரு கடை திறந்தது. நடத்தியது டேன்சர்ச்எய்ட் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம். நாள் கடந்தவை, உறை நசுங்கியவை என்று மற்ற கடைகள் கழித்த பண்டங்கள் அங்கே 30 முதல் 50 சதவீதம் வரை விலை குறைவாகக் கிடைத்தன. கடையில் நின்றவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். லாபம் ஏழை நாடுகளில் நடக்கும் உதவிப் பணிகளுக்குப் போனது. அந்தக் கடையின் மிகப் பெரிய நியாயம் இன்னொன்று: அது ஏழைகளுக்கென்று ஒதுக்கிய கடை அல்ல. உணவு வீணாவது பொறுக்காத எவரும் வாங்கலாம். தனக்கு ஆகாததை இல்லாதவர் தலையில் கட்டும் தர்மம் அங்கே நடக்கவில்லை.

ஐரோப்பியச் சட்டம் இரண்டு தேதிகளைப் பிரித்து வைத்திருப்பதால்தான் நாள் கடந்தவற்றை அப்படி விற்க முடிந்தது. ஒன்று சுவைக்கும் தரத்துக்கும் உரியது. மற்றது பாதுகாப்புக்கு உரியது, அதைத் தாண்டினால் விற்கவே கூடாது. சிப்ஸ் முதல் வகை. பாக்கெட்டில் நைட்ரஜன் அடைத்தாலும் நாள்பட்டால் எண்ணெயில் சிக்கு வாடை ஏறும், மொறுமொறுப்பு போகும். அதற்காகத் தேதி முடிந்த மறுநாளே அது விஷமாகிவிடுவதில்லை. தெரிந்தே ஒருவர் பிரித்து, மோந்து பார்த்துத் தின்றால் அதில் பாவம் சொல்ல ஒன்றுமில்லை. மாறாக, முற்றுகைப் போரில்கூடக் கனிமரங்களை வெட்டக் கூடாது என்ற விவிலியத்தின் உபாகமக் கட்டளையிலிருந்து, பயனுள்ள எதையும் வீணாக்கக் கூடாது என்ற விதியையே யூத அறிஞர்கள் வகுத்தார்கள்.

தெரியாதவர் கையில் கொடுப்பது வேறு. பார்வையற்றவர் இடறும்படி வழியில் எதையும் வைக்கக் கூடாது என்கிறது லேவியராகமம். விஷயம் அறியாத எவரையும் அந்தப் பார்வையற்றவராகவே யூத மரபு கொள்கிறது. பெட்டிக்கடையில் ஐந்து ரூபாயை நீட்டும் சிறுமி, சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளின் நிறத்தைத்தான் பார்ப்பாள். ஒட்டிய ஓரத்தில் புள்ளி புள்ளியாக அச்சான தேதி அவள் கண்ணில் படாது. அதைத் தின்னர் தொட்டுத் துடைத்துப் புதுத் தேதி குத்துகிறவர், படித்தவர் கண்ணையும் சேர்த்துக் கட்டுகிறார். மன்னிக்க முடியாதது இதுதான்.

இந்தியாவில் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவு, காலாவதியானதை விற்றவரையே பொறுப்பாக்குகிறது. சரிதான். ஆனால் விற்காத சரக்கை ஏஜென்சி திருப்பி எடுக்க மறுத்தால், நஷ்டம் முழுவதும் பெட்டிக்கடைக்காரர் மடியில் விழுகிறது. அவரைத் தவறுக்குத் தள்ளுகிறவர்களுக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு. தேதி முடியச் சில வாரம் இருக்கும்போதே பாக்கெட்டுகளைத் தனியாக எடுத்து வைத்து, தேதியைப் பெரிதாக எழுதிப் பாதி விலைக்கு விற்கச் சட்டத்தில் தடையில்லை; அந்தப் பாதி நஷ்டத்தைக் கம்பெனி ஏற்க வேண்டும்.