பெட்டியை அடுக்கியவர் யார்?

அயல்நாட்டுச் சர்வகலாசாலைக்குச் செல்லும் மாணவன் பெட்டி அடுக்குவதில் என்ன தர்ம விசாரணை இருக்கிறதென்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். துணி, மருந்து, பாத்திரம், பருப்புப்பொடி ஆகியவற்றின் பட்டியலைப் போய்வந்தவர் எவரும் தருவார். ஆனால் விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் மேடையில் அம்மாணவனை இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. "இப்பெட்டியை நீரே அடுக்கினீரா? பிறர் கொடுத்த பொருள் ஏதேனும் இதில் உண்டா?" முதலாவதற்கு ஆமென்றும் இரண்டாவதற்கு இல்லையென்றும் பிள்ளைகள் சொல்லிவிடுகின்றனர். நாம் அறிந்த குடும்பங்களில் பெரும்பாலும் அவ்விரு விடைகளும் பொய்.

பொய் சொல்லவேண்டுமென்னும் கெட்ட எண்ணம் அவர்களிடம் கிடையாது. நடப்பது இதுதான். அமெரிக்கா செல்லும் விமானங்கள் பலவற்றில் சாதாரண வகுப்புப் பிரயாணிக்கு 23 கிலோ எடையில் இரண்டு பெட்டிகள் வரை அனுமதியுண்டு, கைப்பை வேறு. பத்து நாள் முன்னதாகவே கூடத்தில் பெட்டிகள் வாய் திறந்து கிடக்கின்றன. தாயார் ஒரு மூலையில் சாம்பார்ப்பொடியை வைக்கிறார். அத்தை முறுக்கு டப்பாவை நுழைக்கிறார். சித்தப்பா பிரஷர் குக்கருக்குள் அரிசியைக் கொட்டி, இடத்தை மிச்சப்படுத்திவிட்டதாகப் பெருமைகொள்கிறார். கொக்கித் தராசில் மாட்டித் தூக்கினால் 26 கிலோ! உடனே வெளியே எடுக்கப்படுவன பிள்ளை தானாக வைத்த இரண்டு புத்தகங்கள். பிள்ளையோ நண்பர்களிடம் விடைபெறச் சென்றிருக்கிறான்.

இதனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. தன் கையால் ஒன்றைச் செய்து கொடுக்க இனி எப்போது வாய்க்குமோ என்னும் தாயின் தவிப்பன்றோ அப்பெட்டியில் புகுகின்றது! ஆயினும் நாம் வினவுவது இது: ஒருவர் சுமக்கப்போகும் பெட்டியை மற்றொருவர் அடுக்கலாமா? தாம் அறியாத பொருளுக்குச் சுமப்பவரே பொறுப்பாவது நியாயந்தானா?

நாடுகளின் சட்டம் சுமப்பவரையே பிடிக்கின்றது. நம் வீட்டுக் குருமாவில் அரைத்துவிடும் கசகசா, சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடைசெய்யப்பட்ட பொருள். அபினி காய்க்கும் செடியின் விதையாதலால் அத்தடை. "அம்மா வைத்தார், எனக்குத் தெரியாது" என்னும் சொல் அங்கே நிற்காது. இது கொடுமையென்று தோன்றலாம். எண்ணமே வினையென்று கொள்ளும் நம்மவர்க்கு இஃதொரு கடினமான இடமே. எண்ணமில்லாத இடத்தில் குற்றம் எப்படி வந்தது?

இதற்குக் கறிவேப்பிலையைக் கொண்டு விடை தேடுவோம். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் கொண்டுபோக அமெரிக்காவில் அனுமதியில்லை. கறிவேப்பிலை, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. எள்ளளவேயான ஒருவகைப் பூச்சி அதன் தளிரில் வாழும். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை வாட்டும் நோயை மரத்துக்கு மரம் பரப்புவது அப்பூச்சியே. நோய்ப்பட்ட மரத்திற்கு மருந்தில்லை. 2005-இல் புளோரிடா மாகாணத்தில் அந்நோய் காணப்பட்டது. அதன்பின் அங்குள்ள ஆரஞ்சு விளைச்சல் பெரிதும் வீழ்ந்து தோட்டங்கள் பல கைவிடப்பட்டன. ஈரத்துணியில் சுற்றி ஒரு பிடி இலையை வைக்கும் தாயின் உள்ளத்தில் தீமை துளியும் இல்லை. பூச்சிக்கு அது தெரியாது. முன்பின் அறியாதவர் செய்ததை நாம் மன்னிக்கலாம். கேட்டால் தெரிந்துகொள்ளக்கூடிய நிலையில் இருந்தும் கேளாமலிருப்பவர் செய்வது அசட்டை. அந்த அசட்டைக்கு அவர் உடைமையாளர்.

ஒன்றை ஈண்டுக் குறிப்பிடவேண்டும். ஆஸ்திரேலியாவில் இறங்குவோர் தாம் கொண்டுவந்த உணவுப் பொருள்களைத் தெரிவித்தாகவேண்டும். தெரிவித்த பொருள் ஆகாததாயின் எடுத்துக்கொள்வர். தெரிவித்ததற்காக அபராதம் இல்லை. மறைத்தவர்க்கே அபராதம், சிலருடைய விசாவே ரத்தாவதுமுண்டு. நாம் ஆலைத் தொழிலாளியாயிருந்த காலத்தில் வேலை முடிந்து வெளிவரும்போது வாயிலில் சோதனை உண்டு. சாப்பாட்டு அடுக்கைத் தானே திறந்து நீட்டுபவனைக் காவற்காரர் ஏறெடுத்தும் பாரார். ஆனால் திறந்து நீட்டுவதற்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தனக்குத் தெரிந்திருக்கவேண்டுமே!

பக்கத்து வீட்டார் தம் மகனுக்கென்று ஒட்டிக் கட்டிய பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டுவதுண்டு. மறுத்தால் மனவருத்தம் என்றஞ்சிப் பெற்றோர் வாங்கிவிடுகின்றனர். பிரித்துப் பார்த்து வைத்துக்கொள்ளலாமாவென்று பிள்ளையே வாய்விட்டுக் கேட்கட்டும். சம்மதியாதவரின் பொட்டலத்தை வணக்கத்தோடு திருப்பிவிடலாம்.

துணியைப் பற்றிப் பஞ்சாலையில் நூலோடு பழகிய நமக்கு ஒரு வார்த்தை சொல்ல உரிமையுண்டு. குளிர்நாட்டிற்கென்று தடித்த பருத்திச் சட்டைகளை அடுக்குகின்றனர். பருத்தி ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நனைந்தபின் உடலைக் குளிரச் செய்யும். கம்பளியோ சற்று ஈரப்பட்டாலும் வெம்மை காக்கும். ஒரு தடித்த ஆடையைவிட மெல்லிய ஆடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது மேல். அவற்றிடையே தங்கும் காற்றே குளிரைத் தடுப்பது. கணிதமேதை ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றபோது இரவெல்லாம் குளிரால் வருந்தி, மேலங்கியோடும் சால்வையோடும் உறங்கினாராம். அவருடைய நண்பர் மகலனோபிஸ் அறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன! மெத்தையோடு சேர்த்து இறுகச் செருகப்பட்டிருந்த அவற்றை விலக்கி உட்புகவேண்டுமென்பது ராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவ்வளவு பெரிய அறிவாளிக்கே அப்படியென்றால், தன் பெட்டியைத் தான் திறந்தே பாராத பிள்ளை என்ன செய்வான்?

இனி, தராசில் ஏறாத சுமைக்கு வருவோம். நாம் இதனை எழுதத் தொடங்கியதே இதன்பொருட்டுத்தான். வங்கிகளின் பொதுவான கல்விக்கடன் திட்டப்படி 7.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்து ஈடு கேட்கின்றனர்; தந்தையோ தாயோ உடன்கடனாளியாகக் கையொப்பமிடுகின்றனர். படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டவேண்டுவதில்லை. ஆயினும் வட்டி உறங்குவதில்லை. 20 இலட்சத்தை முதலிலேயே முழுவதும் பெற்று, வட்டி நூற்றுக்குப் பத்தென்று கொண்டால், ஈராண்டுப் படிப்பும் ஓராண்டு அவகாசமும் கழிவதற்குள் தனிவட்டி மட்டும் 6 இலட்சமாகிறது. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருப்பதும், தாயின் நகை அடகில் இருப்பதும், தந்தை ஓய்வுபெற்ற பின்னும் காவல் வேலைக்குப் போவதும் எதற்கென்று பிள்ளைக்குத் தெரியாது. "படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கவலை எதற்கு?" என்று மறைத்துவிடுகின்றனர். பக்கத்து வீட்டாரின் ஒட்டிய பொட்டலத்துக்கும் இதற்கும் வேறுபாடு என்ன? இரண்டிலும் உள்ளே இருப்பதைச் சுமப்பவர் அறியார்.

டாக்டர் அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் புறப்படுமுன், படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டு பணிபுரிவதாக ஒப்பந்தத்தில் தாமே கையொப்பமிட்டார். தம்மீது ஏறிய சுமை எத்தனை ஆண்டு என்பது அவருக்குத் தெரியும். 1917-இல் பணியேற்கவும் சென்றார். தீண்டாமை காரணமாக அந்நகரில் தங்க ஓர் இடம் கிடைக்காமல் அவர் வெளியேற நேர்ந்தது. அப்பழி ஒப்பந்தத்தை மீறியவர்மேல் விழுவதா, இடம் மறுத்தவர்மேல் விழுவதா என்பதைத் தனியே ஆராயலாம். நமக்கு இப்போது வேண்டுவது, கடப்பாட்டின் அளவை அவர் அறிந்தே கப்பலேறினார் என்பது.

இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் இதனைச் சுமத்துவது இரக்கமாகுமா என்று தாய்மார் கேட்கின்றனர். சுமை முன்னமே ஏறிவிட்டது. சொல்லாததால் அது குறையவில்லை. தொகை தெரிந்த மகள், சம்பளமில்லாப் பயிற்சியையும் சம்பளமுள்ள வேலையையும் எடைபோட்டுப் பார்ப்பாள். படிப்பு தனக்கு ஒவ்வாதென்று முதற் பருவத்திலேயே கண்டால், இரண்டாம் பருவக் கட்டணம் போகுமுன் வாய்திறப்பாள். தொகை தெரியாத மகனோ, வீட்டில் பணம் இருக்கிறதென்றே எண்ணியிருந்து, ஒருநாள் வங்கியின் கடிதத்தைக் கண்டு தந்தைமேல் சினங்கொள்கிறான். அச்சினத்தையும் நாம் பார்த்திருக்கிறோம்.

ஆதலின் புறப்படுவதற்கு முந்திய இரவு, அடுக்கியவற்றையெல்லாம் பிள்ளை வெளியே எடுத்து மீண்டும் தன் கையாலேயே அடுக்கட்டும். முறுக்கு இருக்கட்டும், குக்கரும் இருக்கலாம். பாஸ்போர்ட்டு, அமெரிக்கா செல்பவராயின் ஐ-20 படிவம், சான்றிதழ்களின் மூலப்பிரதிகள், மருந்துச் சீட்டு இவையெல்லாம் கைப்பையில் வரவேண்டியவை. ஒப்படைத்த பெட்டி ஒரு வாரம் தாமதமாக வந்தாலும் வரலாம். கடன் பத்திரத்தின் நகலையும் தந்தையார் அப்போதே எடுத்துவந்து, பக்கத்தில் அமர்ந்து தொகையையும் வட்டியையும் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அந்தக் கைப்பையிலேயே வைக்கச் சொல்லட்டும்.