பீரோவும் அபரிக்கிரகமும்

படுக்கையறைக்கு ஒரு பீரோ வாங்கப் புறப்படும் கிருகஸ்தன், தேக்கா இரும்பா, நிலைக்கண்ணாடி பதித்ததா, இழுப்பறைகள் எத்தனை என்றெல்லாம் விசாரிப்பது நியாயமே. ஆயினும், பதஞ்சலி முனிவர் ஐந்து யமங்களுள், அதாவது ஒழுக்க நெறிகளுள், இறுதியாக வைத்த அபரிக்கிரகம் (தேவைக்கு மேல் சேர்க்காமை) அக்கணமே தன்னைக் குறுக்கிட்டு ‘இவ்வளவு தேவைதானா?’ என வினவுகிறது என்பதை அவன் பெரும்பாலும் உணர்வதில்லை.

துறவிக்கு இவ்வினா எளிது என்று எண்ணுவோம், அதுவும் மெய்யன்று. பௌத்த பிக்ஷுவுக்கு மூன்று சீவரங்களே, அதாவது ஆடைகளே, போதும் என்ற நியதி இருந்த காலத்தில், தமக்குக் கிடைத்த மிகையான ஆடையொன்றைச் சாகேத நகரில் தங்கியிருந்த சாரிபுத்தருக்கு அளிக்கப் புத்தரின் சீடர் ஆனந்தர் விரும்பினார் என்றும், சாரிபுத்தர் வந்துசேர ஒன்பது பத்து நாட்களாகும் என்றறிந்த புத்தபிரான், மிகையாடையைப் பத்து நாள் வரை வைத்திருக்கலாம் என அனுமதித்தார் என்றும் விநய பிடகம் கூறுகிறது. அன்பின் பொருட்டு விதி தளர்ந்தது. ஆனால் கெடு வைத்தே தளர்ந்தது. இக்கதையில் எனக்குப் பிடித்தது அந்தக் கெடுதான்.

சமணமோ இல்லறத்தானுக்கு, நிலம், பொன், தானியம் முதலியவற்றுக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்ளும் பரிக்கிரக பரிமாணம் என்னும் அணுவிரதத்தை, அதாவது சிறு நோன்பை, விதித்தது. எல்லையைத் தானே வகுப்பதால், தன்னை ஏமாற்றிக்கொள்ளவும் இடமுண்டு.

பீரோவின் அழகைக் கண்டிக்க எனக்கு மனமில்லை. நல்ல தேக்கு தலைமுறைகளுக்கு உழைக்கும். ஆனால் காலியான தட்டைக் கண்டால் நிரப்பத் தோன்றுகிறது. ஆகையால், ஆண்டு முழுவதும் உடுத்தாத துணிகளை முதலில் ஒதுக்கியபின், இரு அளவுகளில் ஐயம் நேருமாயின் சிறியதையே வாங்கலாம். தச்சர் சற்று வருந்துவார், அவ்வளவே.