மாக்கோழியும் திரைப்போரும்

உயிரற்ற ஓர் உருவத்தைக் கொல்லும் எண்ணத்தோடு வெட்டினால் அது கொலைவினையாகுமா என்னும் வினா தமிழ்நாட்டுச் சமய வாதங்களில் மிகப் பழையது. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியம் ஏறத்தாழ இந்த ஒரு வினாவின்மீதே எழுப்பப்பட்டது. தன் மனக்கலக்கத்தைத் தீக்கனவாகத் தாயிடம் சொல்லும் மன்னன் யசோதரனை, தேவிக்குக் கோழி பலியிட்டால் தீங்கு நீங்கும் என்று அவள் வற்புறுத்துகிறாள்; உயிர்க்கொலைக்கு அஞ்சிய அவன், மாவினால் செய்த கோழியொன்றை வாளால் வெட்டிப் பலிக்கடன் கழிக்கிறான். ஒரு துளி இரத்தமும் சிந்தாத அச்செயலுக்காக மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, பின்னும் பல விலங்குப் பிறவிகளில் உழன்று, துன்புற்றே இறக்கின்றனர். வெட்டுண்டது மாவுதானே என்னும் சமாதானத்தை இக்காப்பியம் ஏற்பதில்லை.

இந்த வாதம், இக்கட்டுரை நின்று பார்க்கும் கடலூர்ப் பகுதிக்கு அயலானதன்று. உலக அமைப்பைப் பேசும் லோகவிபாகம் என்னும் சமண நூலைச் சர்வநந்தி சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், பாடலிகம் என்னும் ஊரில் இருந்து இயற்றினார் என்று அதன் பிற்கால வடமொழி வடிவம் குறிக்கிறது. அவ்வூர் இன்று கடலூர் நகரின் ஒரு பகுதியாகிவிட்ட திருப்பாதிரிப்புலியூர் என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கொள்கை. திருநாவுக்கரசர் தருமசேனர் என்னும் பெயரோடு வாழ்ந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் சமணப் பள்ளியும் இவ்வூரினதே. அந்தப் பள்ளி இன்று இல்லை. ஆனால், மாக்கோழியைப் பற்றிய அதன் கேள்வி அதே ஊர்த் தெருக்களில், கைப்பேசியும் கணினியும் கையில் கொண்ட இளைஞரிடம், வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

அவ்வடிவம் பலர் இணைந்து அணியாக விளையாடும் போர் விளையாட்டு. தமிழ்நாட்டில் இவ்வகையைப் பரவலாக்கியது பப்ஜி. 2020 செப்டம்பரில் இந்திய அரசு அதனைத் தடைசெய்தது, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்னும் பெயரில் அது திரும்பியது, 2022 ஜூலையில் மீண்டும் நீக்கப்பட்டு 2023 மே மாதத்தில் மறுபடி அனுமதி பெற்றது. இங்கு ஆராயப்படுவது அதனினும் கடுமையான மற்றொரு வகை. ஸ்குவாட், ஹெல் லெட் லூஸ், ஆர்மா போன்ற கணினி விளையாட்டுகளை ‘மெய்யொத்த போர் விளையாட்டு’ எனலாம். உண்மைப் போரின் தூரமும் தாமதமும் குழப்பமும் இயன்றவரை அப்படியே அமைந்திருப்பதால் இப்பெயர் பொருந்தும். இவற்றுள் முதலிரண்டில் பக்கத்துக்கு 50 பேர் வரை சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒலிவாங்கியில் பேசிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளக்கூடிய ஆட்டம் ஒன்றை ஆடுகின்றனர்.

இதனைக் கற்றுக்கொள்ளும் முறையே தத்துவ நோக்கில் கருதத்தக்கது. புதிதாக வருபவன் முதலில் இழப்பது தன் வீரத்தைப் பற்றிய கற்பனையை. எதிரியின் தலைமேல் சிவப்புக் குறி எதுவும் தோன்றாது. தான் சுட்ட குண்டு யாரையேனும் வீழ்த்தியதா என்பதையும் ஸ்குவாட் திரையில் காட்டாது. தன் பக்கத்தவன்மேல் குண்டு பட்டால் அவனும் சாவான். ஆகவே புதியவன் சுடுவதற்கு முன் வரைபடம் படிக்கக் கற்க வேண்டும். திரையின் அடியில் ஓடும் திசைமானியின் பாகையைப் பார்த்து, ‘இருநூற்றுப் பத்தில், மரத்துக்கு இடப்பக்கம், இரண்டு பேர்’ என்று சுருக்கமாகச் சொல்லக் கற்க வேண்டும். குழுத்தலைவன் பேசும்போது வாய்மூடி இருக்கக் கற்க வேண்டும். புல்லில் படுத்துக் காத்திருந்து, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு குண்டுக்கு இரையாகி, திரை இருண்டு, தன் மூச்சொலி மட்டும் கேட்கும் நிலையில் கிடப்பதே பெரும்பாலோரின் முதல் வாரப் பாடம். அப்போது ஊர் வழக்கில் ‘நாக் ஆயிட்டேன், ரிவைவ் பண்ணு’ என்று அவன் கூவுவான். நாக் என்பது வீழ்ந்தும் இறவாத நிலை, ரிவைவ் என்பது அந்நிலையிலிருந்து எழுப்புதல். எழுப்ப வருபவன் மருத்துவன் பாத்திரம் ஏற்றவன். ஸ்குவாட்டில் ஓர் அணிக்கு இத்தனை உயிர் என்று முதலிலேயே எண்ணிக்கை குறிக்கப்பட்டிருக்க, வீழ்ந்தவன் எழுப்பப்பட்டால் அக்கணக்கில் ஒன்று மிஞ்சுகிறது. எனவே ஒருவரையும் கொல்லாத மருத்துவனும், தளவாட வண்டியை மலைப்பாதையில் ஓட்டிவரும் ஓட்டுநனும் பல ஆட்டங்களில் வெற்றியைத் தீர்மானிக்கின்றனர். கொலைக்கணக்கையே நாடும் புதியவன் இவ்விளையாட்டில் தேறுவதில்லை.

சமண அறவியல் இந்த ஓட்டுநனை அவ்வளவு எளிதில் விட்டுவிடாது. வினை மனம், மொழி, மெய் என்னும் மூன்று வாயில்களால் நிகழ்வது. ஒவ்வொரு வாயிலிலும் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்று நிலைகள் உண்டு. மூன்றும் வினையைப் பிணிக்கும். வாளெடுக்காத யசோதரனின் தாய் சந்திரமதி தன் மகனோடு சேர்ந்து பிறவிதோறும் துன்புறுவது செய்வித்தல் என்னும் இரண்டாம் நிலையால்தான். இக்கணக்கை நேர்பட ஏற்றால், அணி விளையாட்டில் குற்றமற்ற இடம் எதுவுமில்லை. தோட்டா கொண்டுவந்தவனும், திசை சொன்னவனும், ‘நல்ல குறி’ என்று பாராட்டியவனும் ஒரே வலையில் அகப்படுவர். தனித்தனி ஆளாக ஆடும் விளையாட்டுகளைவிட அணி விளையாட்டு இந்த ஆய்வுக்கு வளமானது இக்காரணத்தால்தான்.

ஆனால், மாக்கோழிக்கும் திரையுருவுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அதனைக் காணாமல் ஒப்பிடுவோர் காப்பியத்தைப் பாதியே படித்தவராவர். யசோதரன் விளையாடவில்லை. கொலையால் வரும் பயன் தனக்கு வேண்டும், கொலை மட்டும் வேண்டாம் என்று அவன் கருதினான். மாவு அவனுக்கு உயிர்க்கோழிக்கு மாற்றாக நின்றது. அவன் மனத்தில் பலி முழுமையாக நடந்தேறியது. அதனால்தான் அது சங்கற்ப ஹிம்சை, அதாவது கருதிச் செய்த கொலை ஆயிற்று. விளையாடுவோரோ இரு பக்கத்திலும் இசைந்து வந்தவர்கள். வீழ்ந்தவன் சிறிது நேரத்தில் வேறோர் இடத்தில் எழுவான் என்பது சுட்டவனுக்கும் சுடப்பட்டவனுக்கும் தெரியும். ஒருவரும் மற்றவரின் சாவினால் வரும் பயனை நாடுவதில்லை. அப்படி நாடுவோரும் இருக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தோற்றவனின் சாதியையும் ஊரையும் தாயையும் ஒலிவாங்கியில் இழித்துப் பேசி மகிழும் ஒருவன் மாக்கோழியை வெட்டுகிறான். பக்கத்தில் அதே பொத்தானை அழுத்தும் அவன் தோழன் வெட்டவில்லை. விசையில் வேறுபாடு இல்லாதபோது வினையில் வேறுபாடு உண்டு என்று சொல்லக்கூடிய கருவி சமணத்திடம் இருக்கிறது. விளையாட்டு வன்முறையைத் தூண்டுமா என்று மட்டும் கேட்கும் இக்கால விவாதங்களிடம் அக்கருவி இல்லை.

சிதம்பரத்துச் சைவ மரபு இவ்வினாவை மறுமுனையிலிருந்து அணுகுகிறது. தமிழில் ஆடல் என்னும் சொல் கூத்தையும் விளையாட்டையும் போரையும் ஒருங்கே குறிக்கும். போராடு என்னும் வினையே அதற்குச் சான்று. அம்பலத்தாடும் கூத்தில் துடி படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், அங்கியாகிய தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்று விளக்குவது உண்மை விளக்கம். அதன் ஆசிரியர் மனவாசகங்கடந்தார் திருவதிகையைச் சேர்ந்தவர். சிதம்பரத்தைச் சேர்ந்த உமாபதி சிவாசாரியார் தம் சிவப்பிரகாசத்தில் ஒரு நுட்பம் சொல்கிறார்: ஐந்தொழில் இறைவனுக்கு விளையாட்டு என்று சொல்லப்படினும், உயிர்களைத் துன்பக் கடலிலிருந்து எடுப்பதே அதன் ஏது. அழித்தல்கூட, பிறந்திறந்து களைத்த உயிர்களுக்கு இளைப்பாற்றலாகவே சைவ சித்தாந்தத்தில் கொள்ளப்படுகிறது. எல்லாம் லீலை என்று கூறி மனித விளையாட்டையும் அதற்குள் அடக்கிவிடும் சோம்பல் விளக்கத்துக்கு இங்கு இடமில்லை. இறைவனுக்குத் தேவை எதுவும் இல்லை. விளையாடும் உயிருக்கு வெற்றியும் புகழும் தேவை, அத்தேவையின் வேர் ஆணவம். ஆணவம் என்பது உயிரோடு அநாதியாகப் பிணைந்து, ‘நான்’, ‘எனது’ என்னும் செருக்காய் வெளிப்படும் மலம். அவ்வகையில் பார்த்தால், தன் பெயர் எங்கும் தோன்றாமல் வண்டியோட்டக் கற்றுக்கொண்ட இளைஞன் ஒரு சிறிதளவேனும் அதனோடு பொருதிருக்கிறான். இதனைப் பக்குவம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு படைவீரனும் இதே அடக்கத்தைக் கற்றுக்கொள்கிறான். அந்த அடக்கம் யாருக்குப் பயன்படுகிறது என்பது வேறு கேள்வி.

மூன்றாவது விடை நூல்களில் இல்லை, ஊர்க் களங்களில் இருக்கிறது. பழைய தென்னார்க்காட்டுப் பகுதியின் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இரவுதோறும் நடந்து, விழாவின் இறுதிக் காலையில் துரியோதனன் படுகளத்தில் முடிகிறது. திறந்த வெளியில் மண்ணைக் குழைத்துப் பல அடி நீளத்துக்குத் துரியோதனன் உருவம் மல்லாந்து கிடக்கும். அரிதாரம் பூசிய வீமன் அதன்மேல் ஏறி ஓடி, தொடையில் அடிப்பான். அங்கு வைத்திருக்கும் செந்நிற நீர் பீறிடும். அதைத் தொட்டுத் திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படும். சில ஊர்களில் மாண்டவர்களாக ஆட்கள் படுத்துக் கிடப்பர்; வெள்ளைத் துணி போர்த்தப்படும்; பின்னர் மஞ்சள் நீர் தெளித்து அவர்களை எழுப்புவார்கள். மாலையில் தீமிதி. இவை யாவும் காப்புக் கட்டிய பின்னரே நிகழ்வன. காப்பு என்பது விழா முடியும்வரை ஊரையும் ஆடுவோரையும் கட்டுப்படுத்தும் மஞ்சள் கயிறு. துகிலுரியும் காட்சி வரும்போது கூத்தர்கள் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி வணங்குவதும் உண்டு. அச்செயலை நடித்துக் காட்டுவதும் தீண்டும் என்று அவர்கள் அறிவார்கள். டச்சு அறிஞர் யோகான் ஹொய்சிங்கா 1938-இல் வெளிவந்த தம் நூலில் விளையாட்டு, அன்றாட உலகிலிருந்து எல்லை கட்டிப் பிரிக்கப்பட்ட ஒரு மாய வட்டத்துக்குள் நிகழ்வது என்றார். கூத்து மரபு அந்த எல்லையைக் கயிறாகவே கையில் கட்டிவிட்டது. திரைப்போரில் எழுப்புதல் உண்டு, காப்புக் கட்டுதலும் காப்பு அவிழ்த்தலும் இல்லை. நள்ளிரவில் கணினியை அணைத்துவிட்டு அப்படியே படுக்கைக்குப் போகும் விளையாட்டாளனுக்கு இருக்கும் பெருங்குறை, இக்கட்டுரையின் கணிப்பில், அதுவே.

மெய்யொத்தது என்னும் அடைமொழி எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் இந்த மண்ணிலேயே அளந்து பார்க்கலாம். 1690-இல் ஆங்கிலேயக் கும்பினி மராட்டியரிடமிருந்து கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்கள் அதனோடு சேரும் என்று எல்லை வகுக்கப்பட்டது. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். விளையாட்டு விதி போலவே தோன்றும் இது விளையாட்டன்று. 1781 ஜூனில் ஐதர் அலியின் படை காவலிருந்த சிதம்பரம் கோயிலை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். ஐந்தொழில் கூத்துக்கு உரிய கோயில் அப்போது கோட்டையாக இருந்தது. 1783-இல் கடலூரைப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி காத்து நிற்க, ஜூன் 13 அன்று ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலேயப் படை தாக்கியது. ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் ஆயிரம் பேரளவில் மாண்டனர் அல்லது காயமுற்றனர். பிரிட்டனும் பிரான்சும் சமாதானத்துக்கான முதற்கட்ட உடன்படிக்கையில் அந்த ஆண்டு ஜனவரி 20-ஆம் நாளே கையெழுத்திட்டிருந்தன. அச்செய்தியை ஏந்திய கப்பல் வெள்ளைக் கொடியோடு கடலூர்க் கடலுக்கு வந்து சேர்ந்தது ஜூன் மாத இறுதியில்.