சோப்பு தாங்கும் வரை

நடுக்கடலில் டீசல் டேங்கு ஒழுகினால் முதல் வைத்தியம் சோப்புதான். குளிக்கிற சோப்பைவிடத் துணி சோப்பு மேல். நகத்தால் சுரண்டி, விரல் சூட்டில் பிசைந்து, ஒழுகும் இடத்தை அழுந்தத் துடைத்துவிட்டு அப்பினால் ஒழுக்கு நிற்கும். சோப்பு டீசலில் கரையாது, விஷயம் அவ்வளவுதான். நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிற என் தாய்மாமா, எஞ்சினுக்குப் பக்கத்தில் பாதி தேய்ந்த நீலக் கட்டி ஒன்றை எப்போதும் போட்டு வைத்திருப்பார்.

"சோப்பு கரை சேர்த்துடும் மாப்ள. கரை சேர்ந்ததும் நமக்கு மறந்துபோயிடும். வம்பே அங்கதான்" என்பார்.

அவர் மறதி என்கிறார். ஊர் அதையே அலட்சியம் என்னும். இரண்டும் இல்லை என்பது என் கட்சி.

முதலில் அந்த ஒழுக்கு எப்படி வருகிறது என்று பார்க்கலாம். தகர டேங்கு வெளியே உப்புக்காற்றில் துருப்பிடிப்பது எல்லோருக்கும் தெரியும், பெயிண்ட் அடித்துச் சமாளிக்கலாம். உள்ளே நடப்பதுதான் தெரியாது. மூடி வழியாகத் தெறித்த கடல்தண்ணீரும், இரவுக் குளிரில் டேங்கின் உட்சுவரில் வியர்த்த ஈரமும் டீசலைவிட அடர்த்தியானவை. அடியில் போய் ஒரு மூலையில் தங்கிவிடும். மேலே டீசல் பத்திரமாக மிதக்கும், கீழே அந்தக் கைப்பிடித் தண்ணீர் தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு நாள் ஊசி முனையளவு வெளிச்சம் பார்க்கும்.

அந்த ஊசி முனையைக் கண்டுபிடிப்பது தனி வேலை. டீசல் விழுவதற்கு முன் ஊரும். தகட்டோடு படர்ந்து, மடிப்பு வழியே நகர்ந்து, எங்கே போல்ட் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கிருந்து சொட்டும். அதனால் எல்லோரும் முதலில் ஹோஸ் கிளிப்பை முறுக்குவார்கள், டேப் வாஷரை மாற்றுவார்கள். பல சமயம் கோளாறு அதுவாகவே இருந்துவிடும். இல்லையென்றால் டேங்கைத் துடைத்துக் காயவிட்டு, அடிப்பக்கம் முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மாமா படகில் நான் பார்த்தபோது, மடிப்புக்கு இந்தப் பக்கம் வெள்ளையில் கடுகளவு கறுத்து, மெல்ல மெல்லக் கீழ்ப்பக்கமாக வால் இறங்கியது. சொட்டிக்கொண்டிருந்த இடம் அங்கிருந்து ஒரு சாண் தள்ளி.

நொடிக்கு ஒரு சொட்டு என்றால் கேட்கவே அற்பமாக இருக்கும். ஏறத்தாழ இருபது சொட்டு ஒரு மில்லி. மணிக்கு 180 மில்லி, ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல். காசு போவதோடு முடிவதில்லை. படகின் அடியில் தேங்கிய தண்ணீரோடு டீசல் கலந்து கால் வழுக்கும். மீனில் அந்த வாடை ஏறிவிட்டால் ஏலத்தில் வியாபாரி மூக்கைச் சுளித்தே விலையை இறக்கிவிடுவார். அதனால் மாமாவுக்கோ மற்றவர்களுக்கோ ஒழுக்கின் நஷ்டம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பிறகு ஏன் சோப்பிலேயே வாரக்கணக்கில் ஓடுகிறது? சரியாகச் செய்வது என்றால் என்னவென்று பார்த்தால் விளங்கும்.

டேங்கைக் கழற்றிக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போனால், விவரமான பட்டறைக்காரர் நெருப்பைத் தொடவே மாட்டார். "கழுவியாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார். நிறைந்த டேங்கைவிட, காலி என்று நாம் நினைக்கிற டேங்கு ஆபத்தானது. நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. காலியானதில் மடிப்புகளுக்குள் ஒட்டிய டீசல் இருக்கிறது, சுற்றிலும் காற்று இருக்கிறது. டீசல் பெட்ரோலைப் போல லேசில் பற்றாதுதான். சாதாரண வெயிலில் தீக்குச்சிக்கு அசையாது, அதைவிடக் கூடுதலாகச் சூடேற வேண்டும். ஆனால் வெல்டிங் தீயில் தகடு அதைப்போலப் பல மடங்கு சூடாகும், மிச்சம் மீதி ஆவியாகும், மூடிய பெட்டி குண்டாகிவிடும். ஆகவே சோப்புத்தூளும் வெந்நீரும் ஊற்றித் திரும்பத் திரும்பக் குலுக்கிக் கொட்ட வேண்டும். பிறகு ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் பற்றவைப்பு. முடிந்ததும் வாயை அடைத்து, சைக்கிள் பம்பால் கொஞ்சமே காற்றடித்து, மடிப்பெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். குமிழி வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஓட்டையை மறைத்து வைத்திருந்த அதே சோப்புதான் இங்கே காட்டிக் கொடுக்கிறது.

எம்சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. தகடு பளபளவென்று தெரியும்வரை சுரண்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து வைத்தால் நிற்கும். பிளாஸ்டிக் கேன் என்றால் எந்தப் பசையும் ஒழுங்காகப் பிடிக்காது, புதிதாக வாங்குவதே மேல்.

ஆக, நெருப்பு வேலை அரை மணி. கழுவுவதும் காய்வதும் பட்டறையில் காத்திருப்பதுமாக ஒரு நாள் போய்விடும். அந்த ஒரு நாள் மாமாவுடைய நாள் மட்டும் இல்லை. டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதைப் பங்கு பிரிக்கிற தொழில் இது. படகு கரையில் கிடந்தால் கூட வருகிற மூன்று பேர் வீட்டிலும் அன்றைக்குப் பாடு இல்லை. இதை மறதி என்று மாமா சொல்லிக்கொள்வது அவர் பெருந்தன்மை. உண்மையில் இது நிறுத்த முடியாதவர்களின் கணக்கு.

பெரிய விசைப்படகுகளுக்கு இந்தச் சங்கடம் இவ்வளவு இல்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்து 2017இல் நீண்டது. மீன் இனம் பெருகட்டும் என்பதற்காக வந்த தடை, படகுகளுக்கும் மராமத்துக் காலம் ஆகிவிட்டது. கரையேற்றி, பாசி சுரண்டி, பெயிண்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்துப் போட்டு, எல்லாம் அப்போதுதான். யாரும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியதில்லை. சின்ன ஃபைபர் படகுகள் அந்த நாட்களிலும் கடலுக்குப் போகலாம். அது சலுகை, மறுக்கவில்லை. ஆனால் சலுகை வந்ததால் நிற்பதற்கான சாக்கு போய்விட்டது.

கட்டுமரத்தில் அந்தச் சாக்கு மரத்திலேயே இருந்தது. மரம் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து மணலில் காயப்போட்டே ஆக வேண்டும். அவிழ்க்கும்போது எந்தக் கயிறு நைந்திருக்கிறது என்று கை தானே பார்த்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் ஏராளமாக வந்தது. ஃபைபர் தண்ணீர் குடிக்காது, அவிழ்க்க எதுவும் இல்லை. கட்டுமரத்துக்குத் திரும்பலாமே என்று உருகுகிறவர்கள் அதன் மரத்தை ஒரு முறையாவது தோளில் சுமந்து பார்க்க வேண்டும், மாமா திரும்ப மாட்டார். நிற்பதற்கு இன்னொரு சாக்கு: குமரிக் கரையின் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்கிற கட்டுப்பாடு உண்டு. ஊரே சேர்ந்து நிற்பதால் நின்றவனுக்கு மட்டும் நஷ்டம் என்பது இல்லை.

இதையெல்லாம் யோசிக்க வைத்தது என் அம்மாவின் முழங்கால். தைலம், வலி மாத்திரை, முட்டி உறை என்று எத்தனையோ காலமாகச் சோப்பு வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் எல்லாம் "கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கக்கா" என்பார்கள், காபியைக் குடித்துக்கொண்டே. அந்தக் காபியை யார் போட்டது? அவர் படுத்துவிட்டால் அடுப்பை யார் பற்றவைப்பது என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் ஓய்வெடுக்கச் சொல்வது, வெறும் வாய்ப்பேச்சு. மருத்துவரின் சீட்டு வெகுநாளாக அலமாரியில் இருந்தது. சிகிச்சை ஆரம்பித்தது, அண்ணி பிள்ளைகளோடு வந்து தங்கிய பிறகு. அவர்கள் வீட்டில் அண்ணன் சமைத்தார், உப்பு கூடக்குறையத்தான்.

மாமா கடைசியில் கண்ட வழியும் இதே மாதிரிதான். பழைய இரும்புக் கடையில் கழித்துக்கட்டிய எஞ்சின் ஒன்றின் டேங்கைப் பேரம் பேசி வாங்கினார். கழுவி, காற்றடித்துச் சோதித்து, எடுத்து வைத்துக்கொண்டார். ஒன்று ஒழுகினால் இன்னொன்றை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம், ஒழுகுவது பட்டறையில் நிதானமாகக் காயட்டும். படகும் நிற்கவில்லை, பழுதும் தள்ளிப்போகவில்லை. இத்தனை வருஷம் அவர் இதைச் செய்யாததற்குக் காரணம் யோசனை இல்லாமை அல்ல, அந்தக் காசு வேறு எதற்காவது தேவைப்பட்டுக்கொண்டே இருந்ததுதான்.

போன வாரம் பேசியபோது அந்த உபரி டேங்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பக்கத்துப் படகுக்காரர் அவசரத்துக்கு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாராம், இரண்டே நாளில் தருவதாகச் சொல்லி. அது ஆகிவிட்டது ஒரு மாதம். "கேக்க வேண்டியதுதானே மாமா?" என்றேன். "கேட்டா அவன் சோப்பு வைக்கணும்டா" என்றார்.